ஒருத்தருக்காக லைவ் போட்ட மைதீன்

மைதீன் போய்விட்டான்.

இன்று காலை மேலப்பாளையத்தில் கடையைத் திறக்கக் கிளம்பியவன், நெஞ்சு கரிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறான். ஆட்டோ வருவதற்குள்... நாற்பத்து மூன்று வயது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வருஷா வருஷம் நடத்தும் டெக் மாநாட்டின் வீடியோவைப் பார்த்த எல்லோருக்கும் மைதீனைத் தெரியும். முகம்தான் தெரியாது.

சிசிடிவி மாட்டுவது பிழைப்பு. மாநாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையை அடைத்துவிட்டு கேமரா, மிக்சர், மைக், வயர் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து லைவ் ஓட்டித் தருவான். எங்களைப் போல அவனும் வாலண்டியர்தான்.

முதல் வருஷத் திட்டக் கூட்டம், டவுணில் ஒரு டீக்கடை மாடியில். நாங்கள் பேச்சாளர், டி-ஷர்ட், சாப்பாடு என்று பேசிக்கொண்டே இருந்தோம். கடைசியில்தான் மைதீன் வாயைத் திறந்தான்.

"படம் கொஞ்சம் மங்குனாலும் ஆளு பொறுத்துக்கிடும் வே. சத்தம் விட்டுப்போச்சுன்னா எந்திச்சுப் போயிரும். மொதல்ல மைக்கப் பத்திப் பேசுவோம்."

அடுத்த சனிக்கிழமை பாளையங்கோட்டையில் கல்லூரி அரங்குக்குத் தனியாகப் போய், மேடைக்கும் கேமராவுக்கும் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வரைந்துகொண்டு வந்தான்.

ஒவ்வொரு வயரிலும் மகளுடைய பள்ளி நோட்டு லேபிள் ஒட்டியிருக்கும். பெயர்: மேடை மைக். வகுப்பு: மிக்சர். பிரிவு: இடது... பார்த்தால் சிரிப்பு வரும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மகா என்று ஒரு பெண், காலேஜ் கடைசி வருஷம். அவளுக்கு அதுதான் முதல் மேடை. அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. மகள் பேசுவதைப் பார்க்க அங்கே லீவு போட்டுவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அவள் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும். லைவ் நின்றுபோனது.

நான் எல்லோர் முன்னாலும் மைதீனிடம் கத்தினேன். "ஒரு வேலைய ஒழுங்காப் பாக்கத் தெரியாதா வே? அந்த மனுசனுக்கு என்ன பதில் சொல்ல?"

"பைய வே. பிள்ள பேசிக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்தபடி மேடைப் பக்கம் போனான். லைவ் திரும்ப வந்தபோது மகா நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்து நாங்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். மைதீன் வயரைச் சுருட்டவில்லை. மகாவிடம் போனான்.

"ஏம்மா, இன்னொரு தடவ பேசுதியா? உங்கப்பாவுக்கு நான் லைவ் போடுதேன்."

"ஒருத்தருக்காகவா?" என்றேன்.

"அவரு ஒருத்தருதான வே லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரு."

எங்களில் பத்துப் பேரைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தான். மகா முழுசாகப் பேசினாள். முடிந்ததும் அவள் போனுக்கு அப்பா கூப்பிட்டார். அவளிடம் பேசிவிட்டு மைதீனிடம் கொடுக்கச் சொன்னார். ரொம்ப நேரம் இவன், "செரி அண்ணாச்சி... அழாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று... அப்படியே போய்விட்டது.

இன்று அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும்போது அவன் தம்பி சாகுல் என்கூட நடந்து வந்தான்.

"உங்களப் பத்தி அண்ணன் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாவ. மாநாட்டுல இன்டர்நெட் பெட்டியோட பிளக்க உருவிட்டு, நீங்க போன் சார்ஜ் போட்டுட்டீங்களாமே."

நான் நின்றுவிட்டேன்.

மேடை ஓரம். என் சார்ஜர். ஆமாம்... போட்டேன். உருவியது எதன் பிளக் என்று பார்க்கவேயில்லை.

"உங்ககிட்ட சொல்லலியா?" என்றான் சாகுல். "ஏன் சொல்லலன்னு நானும் கேட்டேன். 'அவரு காலைலருந்து சாப்பிடாம ஓடிக்கிட்டு இருந்தாருலே, சொன்னா ஒடஞ்சு போயிருவாரு'ன்னாவ."

அன்று அரங்கில் இருந்தவர்கள் பலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்கள் முன்னால்தான் கத்தினேன், அதனால் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். அன்றைக்கு லைவ் நின்றது என்னால். மைதீனால் இல்லை.

மண் போடும்போது எனக்கு இது தெரியாது மைதீன்.

போயிட்டு வாரும் வே.