இரண்டாவது சுத்தியல்

ஊரில் மீட்டர்காரர் நுழையாத வீடு கிடையாது. உட்கார்ந்த வீடும் கிடையாது. மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிற உத்தியோகம் அப்படி. எழுதி முடித்ததும் பின்னாலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். கல்யாணம் ஏனோ கூடிவரவில்லை. வீட்டில் அவரும் அவரைப் போலவே வயதாகிப்போன ஒரு காரும்தான். அந்தக் காரில் எங்கே போகிறார் என்று கேட்டால் எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்.

காரை விடாமல் வைத்திருந்ததற்கு வீம்புதான் காரணம். அப்பா போனபின் வீட்டைப் பாகம் பிரித்தபோது தம்பி காரைக் கேட்டான். கேட்டதோடு நிற்காமல், "உனக்குன்னு யாரு இருக்கா? உனக்கெதுக்குண்ணா காரு?" என்றும் சொல்லிவிட்டான். வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனாலும் தைத்துவிட்டது. வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. நாலு வருஷமாகப் பேச்சில்லை. அந்தப் பக்கம் தம்பி தும்மினால்கூட இவருக்குக் கேட்கும். கொடுமை அதுதான்.

இப்போது காரின் முன்சக்கரம் ஆட ஆரம்பித்திருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனையில் இருக்கும் ஜாயிண்ட் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் புல்லர் என்ற ஒரு கருவியையும் சேர்த்து எடுத்து வைத்தார்.

"பழசு லேசுல வராது சார். இத மாட்டித் திருகினீங்கன்னா ஒத்த ஆளா கழட்டிடலாம்."

"வேண்டாம்ப்பா. எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்."

பழக்கதோஷம். பாதி வழி வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அண்ணன் தம்பி வழக்கம் ஒன்று உண்டு. ஜாயிண்டின் ஆணி, சக்கரத்தைத் தாங்கும் இரும்பின் கண்ணில், அதாவது துளையில், இறுகிக் கிடக்கும். தம்பி பெரிய சுத்தியலைக் கண்ணின் ஒரு பக்கம் அண்டக் கொடுத்துப் பிடிப்பான். அண்ணன் எதிர்ப்பக்கம் ஓங்கி ஒன்று போடுவார். கண் அதிர்ந்து ஆணி விட்டுவிடும். "என் கை போனா யாரு சோறு ஊட்டுவா?" என்று தம்பி ஒவ்வொரு தடவையும் கேட்பான். "நான்தான்டா, பிடி" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காரைச் சுவரோரமாக நிறுத்தினார். நிழலுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கே நிழலே கிடையாது. ஜாக்கி போட்டு முன்பக்கம் முழுவதையும் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, ஆடுகிற சக்கரத்தைக் கழற்றினார். நட்டை முக்கால்வாசி தளர்த்தினார். துருவுக்கு எண்ணெய் அடித்துவிட்டு, ஒரு கையில் பெரிய சுத்தியலை அண்டக் கொடுத்து மறு கையால் அடித்தார். சரியாக ஓங்கவே முடியவில்லை. அண்டக் கொடுத்த சுத்தியல் நழுவி முழங்காலில் விழுந்தது. மறுபடி அடித்தார். ஜாயிண்ட் அசைந்தால்தானே?

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தனக்கு யாருமில்லை என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு சுத்தியலைப் பிடிக்க ஒரு கை இல்லை என்று தரையில் கிடந்தபடி நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை ஆத்திரமாக்கிக்கொண்டு, ஆணியின் நுனியிலேயே கீழிருந்து மடார் மடாரென்று அடித்தார்.

"மரையில அடிக்காத! அப்புறம் நட்டு வராது!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நாலு வருஷத்தில் முதல் பேச்சு. காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

தெருவைச் சுற்றி வந்தான் தம்பி. முகத்தைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து பெரிய சுத்தியலை எடுத்து அண்டக் கொடுத்தான். தலை பாதி நரைத்திருந்தது. சோறு ஊட்டுகிற கேள்வியை அவன் கேட்பான் என்று இவர் ஓங்கிய கையோடு காத்திருந்தார். கேட்கவில்லை. அடித்தார். மூன்றாவது அடியில் ஜாயிண்ட் டப்பென்று விட்டது.

அவ்வளவுதான். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். இனி அவனை நிறுத்திவைக்க ஒரு காரணமும் கிடையாது. இப்போது போனால் மறுபடி எத்தனை வருஷமோ.

"அந்தப் பக்கத்து ஜாயிண்டும் போயிடுச்சுடா" என்றார் மீட்டர்காரர். பச்சைப் பொய்.

தம்பி மறுபக்கம் போய், தரையிலிருந்து உயர்ந்து நின்ற சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக உலுக்கினான். கல் மாதிரி நின்றது. ஜாயிண்டில் துளி ஆட்டமில்லை. இவர் தலை குனிந்துகொண்டார்.

தம்பி இன்னொரு முறை உலுக்கிப் பார்த்தான்.

"ஆமா, ஆடுது" என்றான். "புதுசு வாங்கி வை. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்."

தெருவரை போனவன் நின்று திரும்பினான்.

"கடைக்காரன் புல்லர்னு ஒண்ணு காட்டுவான். வாங்கித் தொலைச்சிடாதண்ணா."