நாற்பத்தோராம் ஜாடியின் இரண்டாவது மீன்

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பதப்படுத்திய மீன்களுக்குக் காவல் அவர்தான். எல்லோருக்கும் ஜாடிக்காரர். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவரே. மீன் மிதக்கும் ஸ்பிரிட் அரை அங்குலம் இறங்கினாலும் மூடியை முகர்ந்து பார்ப்பார்; பிறகு பக்கத்தில் நிற்பவரின் வாயையும்.

அப்பேர்ப்பட்டவரின் அலமாரியில் களவு. சரிபார்க்க வந்த ஆய்வாளரம்மா பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணாம் ஜாடி, தூண்டில் மீன் ரெண்டுன்னு இருக்கே. ஒண்ணுதானே கெடக்கு?"

உள்ளே கன்னங்கரேலென்று, நெற்றியில் தூண்டில்போல் ஒரு தண்டோடு, வாயைப் பிளந்துகொண்டு ஒற்றை மீன்.

ஜாடிக்காரரின் பார்வை துடைப்பத்தோடு நின்றவன்மீது விழுந்தது. மனைவியின் தம்பி, இவரே சிபாரிசு செய்து சேர்த்தவன்.

"மாப்ள, நேத்து இதைத் தொடச்சது நீதானே?"

"ஆமா மாமா. அந்த மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்காது. அதைப் போய் திருடுவேனா?"

"திருடுறவன் அழகு பாத்தா திருடுறான்?"

புகார்த் தாளை எடுத்தார். எழுதிவிட்டால் அன்றே மச்சானின் வேலைக்கு வேட்டு.

"அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

பேனா பெயர் எழுதும் இடத்துக்கு வந்து நின்றது.

அதற்குள் ஆய்வாளரம்மா மீனைத் தட்டில் கிடத்தியிருந்தார். "இது பொண்ணு. வெயில் எட்டாத ஆழத்துல, நெத்தியில வெளக்கோட அலையும். ஆண் விரல் நகத்தளவுதான். வாசம் புடிச்சு வந்து வயித்தைக் கவ்விச்சுன்னா விடாது. ரெண்டு ரத்தமும் ஒண்ணாயிடும். கண்ணெல்லாம் மங்கி, கடைசில மரு மாதிரி ஒட்டிக் கெடக்கும். அதுதான் ரெண்டாவது மீன்." வயிற்றைத் திருப்பினார். "யாரோ கத்தரியால வெட்டியிருக்காங்க!"

ஜாடிக்காரர் புகார்த் தாளைக் கீழே வைத்தார். மூன்று வருடம் முன்பு, கண்காட்சிக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த மருவை நறுக்கியது அவர் கை.

மேசை இழுப்பறையின் இரட்டைப் பூட்டைத் திறந்தார். குப்பைத் தொட்டியைக்கூட நம்பாதவர் அல்லவா? மரு சிறு குப்பியில், தேதி எழுதிய சீட்டோடு, பத்திரமாக இருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தான். "மாமா, இது உங்க கையெழுத்தாச்சே!"

ஆய்வாளரம்மா புகார்த் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "பேரு எழுதற எடம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

ஜாடிக்காரர் தம் பெயரை முத்துமுத்தாக எழுதினார். பிறகு பேனாவை மச்சானிடம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு மாப்ள. நாளைக்கே நான் எழுதலைன்னு சாதிச்சாலும் சாதிப்பேன். என்னை நம்பாதே."