தம்பியின் பால்புட்டியும் நாட்டின் பாதுகாப்பும்

போரைக் கேலி செய்யும் பழைய நாவல் ஒன்றை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப்பாய் மாட்டிக்கொள்ளும் ஒரு விதி அதில் வருகிறது. அபாரக் கற்பனை என்கிறது பின்னட்டை. கற்பனையாம்! அரசாங்க வேலையில் விதிகளோடு நரைத்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு டின் பாலின் வாசனைதான் எழுந்தது.

வெள்ளையர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, சோற்றுப் பருக்கைகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையோ வேலிக்கு வெளியே.

ஒரு பனிக்காலையில் காவலர் அம்மாவின் கூடையிலிருந்த பால்புட்டியைப் பிடுங்கினார்.

"புள்ள போலாம். பாலு போகக்கூடாது."

"சாயந்தரம் வரைக்கும் புள்ள எதக் குடிக்கும், அண்ணே?"

"அப்ப வீட்டுல விட்டுட்டுப் போ."

"வேலை நேரத்துல லயத்துல யாரும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா லா. அதுவும் சட்டம்தான்."

அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கேட்டின் நடுவே உட்கார்ந்தாள். பின்னால் வந்த பெண்களும் உட்கார்ந்தார்கள். தம்பி வீறிட்டான். துப்பாக்கிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பறிக்கவேண்டிய கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். குழந்தையைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தார்.

"பால் சாப்பாடு இல்லே," என்றார் தன் தமிழில். "போ, போ! கொழுந்து போச்சு!"

அந்தக் கணம் முதல் எங்கள் தோட்டத்தில் பால் உணவாக இல்லை. சோறு மட்டும் கடைசிவரை நாட்டுக்கு ஆபத்தாகவே இருந்தது.