இனெஸ் பிரித்துப் போட்ட இருநூறு தோட்டா

இனெஸ் டார்கில்சன் அமெரிக்காவின் மான்டானாவில் எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவள். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் கைத்துப்பாக்கிக் கழகத்தில் பெண் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எங்களில் பலரைப் போல அவளும் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் அடித்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, முனையில் குண்டை அழுத்தி, கராஜிலேயே செய்துகொள்வாள். ஆனால் மருந்து டப்பா புதிது என்றாலோ குண்டு மாறினாலோ, தோட்டா செய்யும் கையேட்டில் உள்ள ஆகக் குறைந்த மருந்தளவிலிருந்துதான் மறுபடி தொடங்குவாள். ஐந்து செய்வாள், சுடுவாள், காலிக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அழுத்தம் மிஞ்சினால் கேப் நசுங்கும்; நசுங்கியிருக்கவில்லை என்றால்தான் இம்மியளவு ஏற்றுவாள். இதற்கே ஒரு வாரம் போய்விடும். நாங்கள் சிரிப்போம்.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தகாலப் போட்டிக்கு அணித்தலைவர் வேட் ப்ரூயெட் புதுக் குண்டு வாங்கி, எல்லோருக்குமாக இருநூறு தோட்டா செய்து கழகத்துக்குக் கொண்டுவந்தார்.

"எந்த அளவுல ஆரம்பிச்சீங்க?" என்றாள் இனெஸ்.

"ஆரம்பிக்கிறதா? இருபது வருஷமா போடுற அதே அளவுதான். உச்ச அளவு."

"குண்டு புதுசாச்சே. இது நீளம் ஜாஸ்தி. கூட்டுக்குள்ள ஆழமா இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் எகிறும்."

"பயமா இருந்தா வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னு."

"பயமாத்தான் இருக்கு. மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி வெடிக்கிற சாமான் அது. உங்களுக்குப் பயமே இல்லன்னா அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, சுத்தியல் போன்ற கழற்றியில் செருகி மரக்கட்டையில் ஓங்கி அடித்தாள். குண்டு கழன்றது. மருந்தைத் தன் தராசில் கொட்டினாள். கையேட்டின் உச்ச அளவையும் தாண்டியிருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"உங்க தராசு வண்டியிலதான இருக்கு? கொண்டாங்க."

வேட் முறைத்துக்கொண்டே கொண்டுவந்தார். எடை சரிபார்க்கும் சின்னப் பித்தளைக் கல்லை அவள் அதில் வைத்தாள். இருக்க வேண்டியதைவிடக் குறைத்துக் காட்டியது தராசு. அதை நம்பிப் போட்ட ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து கூடுதல்.

"துளிதானே கூட! என் துப்பாக்கி தாங்கும்," என்றார் வேட்.

"உங்களது தாங்கலாம். நம்ம அணியில பில்லோடது அவங்கப்பா காலத்துத் துப்பாக்கி."

இனெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதியையும் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அது கிளப் சொத்து! கைய எடு!"

"எடுக்க மாட்டேன். வேணும்னா ஷெரீஃபைக் கூப்பிடுங்க. அவர் வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிடும்."

யாரும் ஷெரீஃபைக் கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த அடி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிக் கூடு காலியான பிறகுதான் எழுந்தாள்.

மறுவாரம் கூட்டம் போட்டு, கழகச் சொத்தை அழித்ததாக அவளை ஓராண்டு விலக்கி வைத்தோம். செயலாளர் நான்; விலக்கச் சொல்லித்தான் கை தூக்கினேன். தராசு தப்பு என்று எனக்குத் தெரியும். வேட்டை எதிர்க்கும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

"கூட்டக் குறிப்புல காரணத்தை முழுசா எழுதுங்க," என்றாள் என்னிடம். "தராசையும் சேத்து. விட்டுட்டா, நானே வந்து எழுதுவேன்."

எழுதினேன். வேட் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

அந்தப் போட்டிக்கு நாங்கள் கடைத் தோட்டாதான் கொண்டுபோனோம். இனெஸ் ஜல்லி தோண்டி எடுத்த குழி ஒன்றில் தனியாகச் சுட்டுப் பழகினாள். தடை முடிந்தும் திரும்பி வரவில்லை. வரச் சொல்லி நான் போன் செய்தபோது, "கை தூக்குறதுக்கு முன்னாடி யோசிக்கிற கிளப்பா ஆனதும் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு ஜூனில் பில் தன் துப்பாக்கியோடு, தோட்டா செய்யக் கற்க அவள் கராஜுக்குப் போனான். அடுத்து நான் போனேன். ஆகக் குறைந்த அளவில் ஐந்து தோட்டா செய்ய வைத்து, என் தராசை மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னாள். நான்காவது தடவை நானாகவே பார்த்தேன்.