சுரண்டிவிட்டு அடித்த சுண்ணாம்பு

ஓர் அரசுக் கட்டடத்தை இடிக்க யார் யார் கையெழுத்து வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பணியில் இருந்தபோது நானே பலவற்றுக்குப் போட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு, ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தேன்.

கடற்கரைச் சாலையில் எங்கள் துறை சங்குகளைச் சேமித்து வைத்த பழைய கிடங்கு, சங்குக் கிட்டங்கி அது. காலியாகக் கிடந்தது. சாவி வைத்திருந்தவன் முன்பு சங்கு குளித்தவன். செவிப்பறை கிழிந்ததால் கடலை விட்டு, எங்கள் துறை ஒப்பந்தக்காரரிடம் வெள்ளையடிக்கப் போனான். மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள்தான் உள்ளே பார்த்தேன். வள்ளங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டில் அவன் வரைந்த படங்களால் நான்கு சுவரும் நிறைந்திருந்தன. எல்லாமே கீழிருந்து பார்த்தபடி: வள்ளங்களின் வயிறு, நங்கூரக் கயிறு, மனிதர்களின் உள்ளங்கால்கள். முகம் ஒன்றுகூட இல்லை.

"யாருகிட்டல காட்டியிருக்க?"

"யாரு பாப்பாவ அண்ணாச்சி? பொழுது போவல, கிறுக்குதேன்."

கிட்டங்கியை இடிக்க முடிவாகியிருந்தது. படம் பார்க்க அதிகாரி வருவதற்கு எங்கள் விதிகளில் இடமில்லை. ஆகவே, ஒருகாலத்தில் என் கீழ் இருந்து இன்று மேலே போய்விட்டவரிடம், 'கட்டட உறுதி ஆய்வு' என்று போட்டு வரச் சொன்னேன். உள்ளே வந்தால் சுவரைப் பார்த்துத்தானே ஆகவேண்டும். அவனிடம் சொல்லவில்லை. நடக்குமுன் ஆசை காட்டுவது அலுவலக மரபல்ல.

ஆய்வன்று வாசல்வரை பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருந்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் நம்மவர்கள் வேறென்ன செய்வார்கள்? உள்ளே நான்கு சுவரும் வெள்ளை.

அவன் சலவைச் சட்டையில் ஓரமாக நின்றான்.

"எவம்ல அடிச்சான்?"

"நாந்தான் அண்ணாச்சி. ஆயில் பெயின்டு மேல சுண்ணாம்பு நிக்காதுல்லா? சுத்தமா சொரண்டிட்டுதான் அடிச்சேன்."

"ஏலே, அதப் பாக்கத்தாம்ல அவரு வந்திருக்காரு."

"கேலி பண்ணாதிய அண்ணாச்சி. எங்கிறுக்கலப் பாக்கவா காரு போட்டு வாராவ?"

சிரித்தவன், நான் சிரிக்காததைக் கண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். பிறகு தரையைப் பார்த்தான். சுரண்டிய தூளைக் கூட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது.

அதிகாரி சுவரை விரல் முட்டியால் தட்டி, உறுதியாக இருக்கிறது, இடிக்கத் தேவையில்லை என்றார். என் நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. கிட்டங்கி நிற்கிறது.

சில மாதம் கழித்து, வேறெங்காவது வரைகிறாயா என்று அவனைக் கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. பிரஷ்ஷை எடுத்தா, யாராச்சும் பாப்பாவளோன்னு தோணுது. கை ஓட மாட்டேங்கு."