வெள்ளித்தாள் பிரியாத கிரீஸ் டப்பா

ஹோஸைக் கழற்றி அதன் மரையில் நான் கிரீஸ் தடவும்போதெல்லாம் "அப்பாவுக்கு வேற வேலை இல்ல" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பத்து வயது. மெர்சிங்கில், கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை போனதும் சித்தப்பா எங்களோடு வந்து தங்கி, வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். கோழி பெருகியதும் தனியாகப் போய்விடுவேன் என்பார். அப்பா மூக்கால் சிரிப்பார்.

வாசலில் ஒரு பைப், பின்னால் ஒரு பைப். ஹோஸ் ஒன்றுதான். பைப் பித்தளை, ஹோஸின் மூட்டு அலுமினியம். உப்புக் காற்றில் இரண்டும் வெள்ளையாகப் பூத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். அது என் வேலை.

"தடவிட்டியாடா?"

"தடவிட்டேன் சித்தப்பா."

பந்து விளையாட ஓடுவதற்கு அந்தப் பொய் போதுமாக இருந்தது.

மழையே இல்லாத ஒரு மத்தியானம், பின்னால் இருந்த லாலான் புல் பற்றிக்கொண்டது. ஹோஸைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டச் சித்தப்பா வாசலுக்கு ஓடினார். மூட்டு அசையவில்லை. ஸ்பேனர் போட்டு முறுக்கினார். பைப்பே முறிந்து வாசலெல்லாம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. பின்பக்கப் பைப்பில் நூல் மாதிரிதான் வந்தது. ஒரு வாளி நிறைவதற்குள் கூண்டு எரிந்துவிட்டது. கோழிகள் கொஞ்ச நேரம்தான் கத்தின.

"அலமாக், கோழி சுட்டாச்சு, சாத்தே ரெடி லா" என்றார் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வேலை முடிந்து வந்த அப்பா, அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "ஒரு ஹோஸ கழட்டத் துப்பில்ல. ஒன்ன எவன்டா வேலைக்கு வெப்பான்?"

சித்தப்பா அலமாரியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளித்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெதுவாக மூடியைத் திருகினார்.

"என் தப்புதாண்ணே. நான்தான் பாத்திருக்கணும்."

மறுவாரம் பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பினார். அதன்பிறகு அப்பா இறந்த அன்றுதான் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

கிளம்பிய அன்று பஸ் நிலையம்வரை நானும் போனேன். அடி விழாமல் தப்பித்த சந்தோஷம் எனக்கு. பஸ் நகர்ந்தபோது, இனிமேல் "தடவிட்டியாடா" என்று கேட்க யாரும் இல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. கை காட்டினேன்.