பவுலினுக்கு என்ன செய்யுது?

முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். என் மகள் ஜெனிஷாவுக்கு அப்போது ஐந்து வயது. பாயை நனைக்கும் பழக்கத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தவள், திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தாள். காலையில் பாயைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அதன் ஓரமெல்லாம் எறும்பு மொய்த்திருக்கும்.

செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் சூடு என்று நானே முடிவு செய்து இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாலில் பனங்கற்கண்டு போட்டும் கொடுத்தேன்.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். ஒரு வாரம் கழித்து வாந்தி எடுத்து, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு போனோம். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மெஷினில் எண்ணே வரவில்லை என்றார். அளக்க முடியாத அளவு சர்க்கரை என்று அதற்கு அர்த்தமாம். முதல் வகை நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய்) என்று டாக்டரம்மா சொன்னார். இனிப்பு தின்றதால் வந்ததல்ல, நீங்கள் எதுவும் செய்ததால் வந்ததும் அல்ல என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு மூன்றாவது முறையும் சொன்னால் தேவலை போலிருந்தது.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்றும் ஒரு தாய் நின்றுகொண்டிருப்பாள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பொம்மையைப் பற்றி.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். தினம் நான்கு ஊசி. சாப்பிடும் முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ, வெயிலில் அதிகம் ஓடினாலோ சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவு எழுபதுக்குக் கீழே ஆபத்தாகக் குறைவது) என்று அதற்குப் பெயர். கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், கால் துவளும். உடனே சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பும். கடைசியாக, வீட்டில் டாக்டர் விளையாட்டு விளையாட விடுங்கள், பிள்ளையின் பயம் தெளியும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை.

ஜெனிஷா அதைத் தானாகவே தொடங்கிவிட்டாள். திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று அவளிடம் இருந்தது. படுக்க வைத்தால் ஒரு கண் மூடும், ஒரு கண் மூடாது. பெயர் பவுலின். இன்சுலின் ஊசியின் ஆரஞ்சு நிற மூடியை வைத்துக்கொண்டு பவுலினுக்கு ஊசி போடுவாள். தீப்பெட்டிதான் சர்க்கரை பார்க்கும் மெஷின். என் தையலில் மிஞ்சும் துண்டுத் துணியெல்லாம் கட்டாகிவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் கணவர் சகாயம் விசைப்படகில் போகிறவர். காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை திரும்புவார். ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் சீக்கு, சாவு என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது என்பது எனக்குள் ஊறிப்போன ஒன்று. கையில் ஜெபமாலையையும் வைத்துக்கொண்டு இதையும் நம்பினேன். சகாயமே சிரிப்பார். ஆனாலும் அவர் கடலுக்குப் போகும் நாட்களில் டாக்டர் விளையாட்டு கூடாது என்று சட்டம் போட்டுவிட்டேன். பிள்ளை அந்தச் சட்டத்தை மறந்து மறந்து போவாள்.

அப்படி ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்கான ரவிக்கையை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். ஜெனிஷா காலையில் ஊசி போட்டபின் ஒரு தோசைதான் தின்றாள். அதன் பிறகு வெளியே பிள்ளைகளோடு ஓடி விளையாடினாள். திரும்பி வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் பவுலினோடு உட்கார்ந்தாள்.

“அம்மா, பவுலினுக்குக் கை நடுங்குது” என்றாள்.

நான் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பவுலினுக்கு வேர்க்குது என்றாள். அவளால் நடக்க முடியலையாம் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“அப்பா கடல்ல இருக்கையில சீக்கு விளையாட்டு விளையாடாதன்னு எத்தன தடவ சொல்றது?”

பொம்மையைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. அது ஒன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்து முடித்துத் திரும்பியபோது, சுவரோரம் சரிந்து கிடந்தாள். சட்டை முழுக்க வேர்வை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் சொன்னது மட்டும் எப்படியோ ஞாபகம் வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டு ஆட்டோவில் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் மூக்கின் அருகில் என் விரலை வைத்தபடியே இருந்தேன்.

அங்கே குளுக்கோஸை நரம்பு வழியாக ஏற்றினார்கள். சில நிமிடங்களில் கண் திறந்தாள். பிள்ளைக்கு முன்னாடியே ஏதாவது அறிகுறி இருந்ததா, கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்று ஏதாவது சொன்னாளா என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார்.

“இல்ல டாக்டர். ஒண்ணும் சொல்லல” என்றேன்.

ஜெனிஷா என்னைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பவுலினை இறக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் குப்புறப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆரஞ்சு மூடிகளையும் தீப்பெட்டியையும் தொடவே இல்லை. முன்பெல்லாம் ஊசி என்றால் ஓடி ஒளிவாள். இப்போது கையை நீட்டினாள். பிள்ளை தெளிந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்குத்தான் பயம் கூடியது.

ஏனென்றால், என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். கை நடுங்குதா? ஒண்ணுமில்ல. வேர்க்குதா? ஒண்ணுமில்ல. அப்படிச் சொன்ன ஒரு முறை, சந்தேகப்பட்டுக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை தாழ்ந்திருந்தது. நெற்றியில் வேர்வையை வைத்துக்கொண்டு ஒண்ணுமில்ல என்கிறாள். அடுத்த முறை இவள் சொல்லாமலேயே விழுந்துவிடுவாள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. தையலை நிறுத்தினேன். மணிக்கொரு தரம் விரலில் குத்தினேன். அந்தக் குட்டி விரல்களின் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன.

அடுத்த முறை ராமநாதபுரம் போனபோது டாக்டரம்மா அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் இவ்வளவு என்று கேட்டார். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். பிள்ளை சொன்னாள், பொம்மை பேரில் சொன்னாள், நான் பிடுங்கி வைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. இந்த வயதில் பிள்ளைக்குத் தன் உடம்பில் நடப்பது இன்னதென்று சொல்லத் தெரியாது, பொம்மைக்கு நடப்பதாகச் சொல்லத் தெரியும் என்றார்.

“அவ உங்ககிட்டப் பேசுன வழியே அதுதாம்மா. அத நீங்க தொறந்து விடணும். நீங்க நோயாளியா உக்காருங்க. அவ டாக்டரா இருக்கட்டும்.”

சொல்வது சுலபம். முப்பது வயதுக்காரியான நான் தரையில் உட்கார்ந்து, ‘டாக்டர், எனக்கு வயித்து வலி’ என்று சொல்லிப் பார்த்தேன். ஜெனிஷா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். சகாயத்தையும் உட்கார வைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்ட புரளலில் எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். கட்டிலடியில் கிடக்கும் பொம்மையை நீங்களாக எடுத்து உட்கார வைக்காதீர்கள். பிள்ளை தப்பாக வைத்தியம் பார்த்தால் திருத்தாதீர்கள். காய்ச்சலுக்குக் காலில் கட்டுப் போட்டால் காலை நீட்டுங்கள். உண்மையான ஊசி எட்டாத உயரத்தில் இருக்கட்டும், மூடி மட்டும் போதும். சேட்டை செய்தால் ஊசி போட்டுவிடுவேன் என்று விளையாட்டுக்கும் மிரட்டாதீர்கள். நான் அதையும் செய்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அன்று காலையில் திரும்ப வேண்டிய சகாயத்தின் படகு மதியமாகியும் வரவில்லை. காற்றும் கிளம்பியிருந்தது. போன் எடுக்கவில்லை. மற்ற படகுக்காரர்கள் ‘வந்துவிடும், வந்துவிடும்’ என்றார்களே தவிர, பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தேன். விளையாட்டெல்லாம் நினைவில் இல்லை. என் கை நிஜமாகவே நடுங்கியது. ஜெனிஷா வாசலில் நின்று அந்தக் கையையே பார்த்தாள்.

உள்ளே போய், தீப்பெட்டியும் ஆரஞ்சு மூடியும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன செய்யுது?”

“கை நடுங்குது டாக்டர்.”

“எப்பத்துல இருந்து?”

“காலையில இருந்து.”

“ஏன் அப்பவே சொல்லல?”

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்தாள்.

“திட்ட மாட்டேன், சொல்லுங்க” என்றாள்.

பயமாக இருக்கிறது டாக்டர் என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதேன். பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அவள் மூடியை என் விரலில் அழுத்தி, தீப்பெட்டியைப் பார்த்து, நாற்பது என்றாள். காலி டம்ளரைக் கொண்டு வந்து சீனித்தண்ணீர் என்று நீட்டினாள். நான் கடைசி வரை குடித்தேன்.

இன்ஜின் பழுதான படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து மூன்று மணிக்குக் கரை சேர்த்தது. அன்று மாலை பவுலின் கட்டிலடியிலிருந்து வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுபடி தைக்க ஆரம்பித்தேன். ஆனால் காலம் பழைய மாதிரி இல்லை. முன்பு என் நாள் படகு போகும் நேரம், வரும் நேரம் என்று இருந்தது. இப்போது ஊசியிலிருந்து சாப்பாடு வரை, சாப்பாட்டிலிருந்து அடுத்த ஊசி வரை என்று ஓடுகிறது. மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் என் காது அவள் பக்கம்தான் இருக்கிறது. எனக்குச் சும்மா பசித்தால்கூட, இது பசியா வேறா என்று என் உடம்பை நானே கேட்டுப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு நாள், சகாயம் இன்னும் கரை திரும்பியிருக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஜெனிஷா பவுலினைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, பவுலினுக்கு வேர்க்குது.”

காலைப் பெடலிலிருந்து எடுத்தேன்.

“பவுலினுக்கு வேற என்ன செய்யுது?”

“கால் இல்லாத மாதிரி இருக்காம்.”

பவுலினின் கையில் மூடியை அழுத்தினேன். பிறகு ஜெனிஷாவின் விரலில் நிஜமாகக் குத்தினேன். ஐம்பத்தெட்டு. பவுலினுக்கு ஒரு வாய் காட்டிவிட்டு, மிச்சச் சீனித்தண்ணீர் முழுவதையும் அவள் குடித்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் அவளை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தேன். இன்றுவரை எனக்கு அது பழகவில்லை. இரண்டாவது முறை குத்தியபோது எண் ஏறியிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. கரைக்கு வந்த சகாயம், மீன் இறக்கும் சத்தத்துக்கு நடுவில் வழக்கம்போல, பவுலின் எப்படி இருக்கா என்று கேட்டார். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளையை விசாரிப்பது அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனிஷா போனை வாங்கிக்கொண்டாள்.

“இப்பப் பரவால்லப்பா. முன்னாடியே சொல்லிட்டா.”